டர்பன் (தென்னாப்பிரிக்கா) பொதுத்தோட்டம்: ஆடியில் போட்ட வெண்டை தேறவில்லை, வேரில் முடிச்சு

கேள்வி (சாட்ஸ்வொர்த் பாத்தி):
வணக்கம். பொதுத்தோட்டத்தில் எங்கள் பாத்தி 5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். மணல் கலந்த செம்மண். ஆடிப் பெருக்கன்று ஊன்றிய வெண்டையில் பாதி முளைக்கவேயில்லை. முளைத்தது இந்த ஐப்பசியிலும் ஒரு சாண் உயரம்தான். வெயில் ஏறினால் துவள்கிறது. பிடுங்கினால் வேரில் மிளகு கோத்தாற்போல் முடிச்சு. பொது உரக்குவியலும் நாறுகிறது. எதை முதலில் சரிசெய்வது?

முருங்கைக்கிளை:
'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது தமிழ்நாட்டு மழைக் கணக்கு. டர்பனில் ஆடி குளிர்காலம், மழையும் குறைவு. மண் 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் வெண்டை விதை முளைக்காமல் அழுகும். இங்கே வெண்டை, கத்தரி, பாகலுக்குப் புரட்டாசிக் கடைசியிலிருந்து மார்கழி வரை. கோஸ், கேரட், பட்டாணி, கொத்தமல்லிக்குப் பங்குனி, சித்திரை. இப்போது மறுபடி போடலாம்: விதையை ஓர் இரவு ஊறவைத்து, 2 சென்டிமீட்டர் ஆழத்தில், செடிக்குச் செடி 40 சென்டிமீட்டர் விட்டு ஊன்றுங்கள். ஆனால் அதே பாத்தியில் வேண்டாம்.

வேர்ப்பிடி:
உங்கள் வெண்டை வேரில் இருப்பது வேர்முடிச்சு நூற்புழு, வேருக்குள் புகுந்து வாழும் கண்ணுக்குத் தெரியாத சிறு புழு. மணல் மண்ணும் வெண்டையும் அதற்குக் கொண்டாட்டம். பட்டாணி, பயறு வேரில் இருக்கும், தழைச்சத்து சேர்க்கும் நல்ல முடிச்சு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும், உள்ளே இளஞ்சிவப்பு. இது வேரே வீங்குவது, உதிராது. வேர்வழி அடைபடுவதால்தான் ஈரம் இருந்தும் செடி துவள்கிறது. தண்ணீரைக் கூட்டிப் பயனில்லை.

செடிகளை வேரோடு தோண்டிக் குப்பைப் பையில் கட்டுங்கள், உரக்குவியலில் போடாதீர்கள். பாத்தி முழுக்கக் குட்டைச் செண்டுமல்லியை 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நடுங்கள். குறைந்தது இரண்டரை மாதம் நிற்கட்டும். ஓரத்தில் நாலு செடி வைப்பது அழகுக்குத்தான். இடையே களை விட்டால் புழு அதில் வாழும். பிறகு செடியை அங்கேயே மடக்கி உழுது, தை, மாசியில் நன்கு மக்கிய எருவைச் சதுர மீட்டருக்கு ஒரு வாளி சேருங்கள். புழு அடியோடு ஒழியாது, எண்ணிக்கை இறங்கும். அடுத்த பயிர் கோஸ் ஆகட்டும். குளிரில் புழு மந்தம்.

மறக்கக் கூடாதது பொது மண்வெட்டி. அதில் ஒட்டிய ஒரு பிடி மண்ணே அடுத்த பாத்திக்குப் போதும். பாத்தி மாறும்போதெல்லாம் கழுவித் துடையுங்கள்.

சாட்ஸ்வொர்த் பாத்தி:
நன்றி ஐயா. நாலு ஓரத்துச் செண்டுமல்லி போதும் என்றுதான் நினைத்திருந்தோம். உரக்குவியல்?

மண்புழு:
அழுகிய முட்டை நாற்றமா, மூக்கைக் குத்தும் நெடியா? முட்டை நாற்றம் என்றால் ஈரம் மிகுந்து காற்று போகவில்லை. நெடி என்றால் பச்சைக் கழிவும் கோழி எருவும் அதிகம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: ஒரு கூடை பச்சைக்கு மூன்று கூடை காய்ந்தது. கரும்புத் தோகை கிடைத்தால் சாண் நீளத்துக்கு வெட்டிப் போடுங்கள். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டராவது இல்லையேல் சூடு ஏறாது. கைப்பிடி பிழிந்தால் ஓரிரு துளிதான் சொட்ட வேண்டும். வாரம் ஒருமுறை புரட்டுங்கள், மழையில் மூடுங்கள்.

பிறர் கொண்டுவரும் வெட்டிய புல்லில் களைக்கொல்லி இருக்கலாம். மக்கிய உரத்தில் முதலில் ஒரு தொட்டி பீன்ஸ் முளைக்க வையுங்கள். மூன்று வாரத்தில் இலை சுருண்டால் அந்த உரத்தைப் பாத்தியில் இடாதீர்கள்.