மறு: "கிராஃப்டட் கியர்": பட்டறைக்கலனா, கைவினைப்பொருளா?

வணக்கம்.

இழை நாற்பது மடலைத் தாண்டிவிட்டது. நான் ஊரில் இல்லை, இன்றைக்குத்தான் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். கேள்வி சின்னதுதான்: ஆன்லைன் ரோல்பிளேயிங் ஆட்டங்களில் கடைசி நிலைக்கு வந்த பிறகு, ஆட்டக்காரர்களே செய்துகொள்கிற வாளுக்கும் கவசத்துக்கும் பொதுவாக, ஆங்கிலத்தில் "கிராஃப்டட் கியர்" என்கிறார்களே, அதற்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும். வழிகாட்டி எழுதப்போகிற தம்பி கேட்டிருக்கிறார். அதற்குள் இங்கே இரண்டு கட்சி உருவாகிவிட்டது.

> "கியர்" என்றே எழுதிவிடுங்கள், இதற்கெல்லாம் எதற்குத் தமிழ்?

எழுதலாம். எனக்கும் பேச்சில் கியர்தான் வாயில் வருகிறது. ஆனால் "உச்ச கியர்" என்று தலைப்பு வைத்து ஆட்டம் தெரியாத ஒருவரிடம் காட்டிப் பாருங்கள், டவுன் பஸ் டிரைவர் டாப் கியர் போடுகிற காட்சிதான் அவருக்கு வரும். என் அக்கா அப்படித்தான் கேட்டாள், "வண்டி ஓட்டுற கேமா?" என்று.

> கைவினைப்பொருள் என்றால் எல்லாருக்கும் புரியுமே.

புரியும், அதுதான் சிக்கல். கைவினை என்றதும் கண்ணில் வருவது தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் பத்தமடைப் பாயும். டிராகன் வேட்டைக்குப் போகிறவன் இடுப்பில் கைவினைப்பொருள் தொங்கினால் கண்காட்சிக்குப் போகிற மாதிரி இருக்கிறது.

> அப்படியானால் செய்வினை?

ஐயா, வேண்டாம். சொல்லமைப்பு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கில்ட் (ஆட்டக் குழு) அரட்டையில் "உனக்குச் செய்வினை தயார், ராத்திரி வந்து வாங்கிக்கொள்" என்று எழுதினால் எதிராளி எலுமிச்சம்பழம் வாங்க ஓடுவான்.

வடித்தல் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அது எனக்குப் பிடித்த சொல். "வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே" என்று பொன்முடியார் புறநானூற்றில் (312) சொல்வது ஏறக்குறைய இதே வேலையைத்தான். ஆனால் அதிலிருந்து வடிகலன் என்று கட்டிவிட்டு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கஞ்சி வடிக்கிற சாமான். போச்சு.

என் கட்சி பட்டறைக் கட்சி. காரணம் சொல்கிறேன். தமிழில் செய்தொழிலுக்குப் பொதுவினை தேடுவதே கொஞ்சம் வீண் வேலை. அரிவாளை அடிக்கிறோம், நகையைச் செய்கிறோம், சேலையை நெய்கிறோம், சட்டையைத் தைக்கிறோம், கதவை இழைக்கிறோம், கஷாயத்தைக் காய்ச்சுகிறோம். ஒவ்வொரு தொழிலுக்கும் சொந்த வினை இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே குடையில் நிறுத்தி "கைவினை செய்" என்று பொத்தானில் எழுதுவது மொழியை மொட்டையடிக்கிற வேலை. பொத்தானில் அந்தந்த வினையையே போடுங்கள்: அடி, நெய், தை, காய்ச்சு. பொதுப்பெயர் வேண்டியது மெனுவுக்கும் பொருளுக்கும் மட்டும்தான். அதற்கு இடப்பெயர் போதும். இரும்புப் பட்டறை, நகைப் பட்டறை, மரப் பட்டறை, தறிப் பட்டறை என எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற சொற்கள். ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற ஆட்டத்தில் செய்தொழில் எட்டு உண்டு, அதில் சமையல் ஒன்றுதான் பட்டறைக்குள் அடங்காது. சமையல்காரர் கவசம் செய்யப் போவதில்லை, விட்டுவிடலாம்.

கலன் என்றால் கேஸ் சிலிண்டர் ஞாபகம் வருகிறது என்கிறார்கள். வரட்டும். படைக்கலன், அணிகலன் இரண்டிலும் அதே கலன்தான். ஆயுதம், கவசம், மோதிரம் மூன்றையும் சேர்த்துச் சொல்ல இதைவிடப் பொருத்தமாக ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆகவே பட்டறைக்கலன். முதலாளிப் பூதத்தை, அதாவது "பாஸ்" எதிரியை, அடித்து வீழ்த்தினால் கிடைப்பது வேட்டைக்கலன். இந்த ஜோடி கிடைத்துவிட்டால் தம்பியின் கட்டுரையில் பாதி வாக்கியங்கள் தானாக அமைந்துவிடும், ஏனென்றால் அவர் கேட்கிற கேள்வியே இந்த இரண்டில் எது மேல் என்பதுதானே.

> பெயர் கிடக்கட்டும். உச்சநிலையில் பட்டறை கட்டுபடியாகுமா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரியில்: பெரும்பாலான ஆட்டங்களில், உங்கள் உடம்பில் போட்டுக்கொள்ளச் செய்தால் சில வாரத்துக்குக் கட்டுபடியாகும், விற்கச் செய்தால் சில நாளுக்குத்தான்.

இதை விளக்க என் தாய்மாமாவைக் கூட்டி வருகிறேன். நகைப் பட்டறை வைத்திருந்தார். சாயங்காலம் வேலை முடிந்ததும் தரையைப் பெருக்கி அந்தக் குப்பையை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைப்பார். வருஷத்துக்கு ஒரு தடவை ஓர் ஆள் வந்து அந்தத் தூசியையே விலை பேசி வாங்கிக்கொண்டு போவான், அலசிப் பொன் எடுக்க. பள்ளிக்கூடம் போகிற வயதில் எனக்கு அது பெரிய அதிசயம். மாமா கணக்கில் நகை என்றால் மூன்று: பொன், செய்கூலி, சேதாரம். மூன்றையும் தனித்தனியாகத்தான் சொல்வார். ஆட்ட மன்றங்களில் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறார்களே, அந்தச் சண்டையில் பாதி இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருவது. நமக்கு நகைக்கடை வாசலிலேயே கலைச்சொல் தொங்குகிறது, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சொந்த அனுபவம் ஒன்று. 2024 ஜூலை கடைசியில் ஃபைனல் ஃபேண்டஸி 14-க்கு 7.05 புதுப்பிப்பு வந்தது, கூடவே சாவேஜ் ரெய்டும், அதாவது கூட்டமாகப் போகிற கடினமான வேட்டை. அன்றைக்குப் பட்டறையில் செய்ய முடிந்த கலன் 710 நிலை (எண் கூடினால் வலு கூடும்). வாரக் கூப்பன் மாதிரி சேர்த்து வாங்குகிற டோம்ஸ்டோன் கலன் 720. ரெய்டில் கிடைப்பது 730, அதன் ஆயுதம் 735. எண்ணை மட்டும் பார்த்தால் பட்டறை கடைசி வரிசை. ஆனால் அப்போது டோம்ஸ்டோன் வாரத்துக்கு 450-தான் சேர்க்க முடிந்தது, ஒரு மேற்சட்டைக்கு 825 வேண்டியிருந்தது. அப்படியென்றால் முதல் வாரம் உள்ளே போகிறவனுக்குப் பட்டறைதான் பெரிய துணை. நான் இரண்டு நாள் தூங்காமல் தோல் சட்டையும் கையுறையுமாகச் செய்து குவித்தேன். முதல் ராத்திரி போட்டது போட்டபடி விற்றது. ஐந்தாவது நாள் அதே சட்டைக்கு மூன்றில் ஒரு பங்கு விலைகூட இல்லை, ஒவ்வொருத்தனும் அடுத்தவனைவிட ஒரு கில் (அந்த ஆட்டத்தின் காசு) குறைத்துப் போட்டுக்கொண்டே போனான். என் மிச்சச் சரக்கு இன்னும் பெட்டியில் இருக்கிறது.

இதில் சேதாரம் எங்கே என்றால், கல் பதிப்பதில். பட்டறையில் செய்த சட்டையில் இரண்டு குழி உறுதி, அதற்கு மேல் ஐந்து வரை மெட்டீரியா என்ற வலுவேற்றும் கல் பதிக்கலாம், ஆனால் ஒவ்வொரு குழிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், தவறினால் கல் போயிற்று. கடைசிக் குழிக்கு நான் ஒரு ராத்திரியில் இருபதுக்கு மேல் கல் உடைத்தேன். பெருக்கி டின்னில் போட்டுவைக்கத் தூசிகூட மிஞ்சவில்லை. அந்த இருபது கல்லைச் சட்டை விலையில் ஏற்றாமல் "லாபம்" என்று ஒருவன் சொன்னால் அவன் மாமாவிடம் ஒரு வாரம் வேலைக்குப் போக வேண்டும்.

> ஆனால் தாது நானே வெட்டியது, அதற்குச் செலவே இல்லையே?

வந்துவிட்டீர்களா! ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கப்பல் ஆட்டத்தை ஆடுகிறவர்கள் இதை வைத்துப் பல வருஷமாகக் கிண்டல் செய்கிறார்கள், "நான் வெட்டிய தாது சும்மா வந்தது" என்பது அங்கே புதியவர்களைக் கலாய்க்கிற நிரந்தர வாக்கியம். அந்தத் தாதுவை அப்படியே சந்தையில் விற்றால் என்ன வருமோ அது உங்கள் செலவு. தாதுவை நூறுக்கு விற்கலாம், அதை வைத்துச் செய்த வாளைத் தொண்ணூறுக்கு விற்றால் பத்து நட்டம், கூட உங்கள் நேரமும். நம் ஊரில் இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது. பட்டறைக்காரன் கணக்குப் பார்ப்பதில்லை என்பதால்தான் உச்சக் கலன் பல நேரம் மூலப்பொருள் விலைக்கும் கீழே விற்கிறது. செய்கிறவனுக்குத் திறன் ஏற வேண்டும், அல்லது செய்வதே பிடித்திருக்கிறது. பொழுதுபோக்குக்குச் செய்கிறவனோடு பிழைப்புக்குச் செய்கிறவன் விலையில் போட்டிபோட முடியாது.

அப்புறம் ஒட்டும் விவகாரம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆட்டத்தில் சில பொருள் கையில் எடுத்ததுமே உங்களோடு ஒட்டிக்கொள்ளும், சில போட்டுக்கொண்டால்தான் ஒட்டும். ஒட்டியதை இன்னோர் ஆட்டக்காரருக்கு விற்க முடியாது. இதற்கு "ஆன்மப்பிணைப்பு" என்று யாரோ எழுதியிருந்தீர்கள், கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. என் பரிந்துரை: எடுத்தால் ஒட்டு, உடுத்தால் ஒட்டு. இரண்டும் எதுகையோடு வருகிறது, வாயில் நிற்கும்.

இந்த ஒட்டுதான் பட்டறையின் தலையெழுத்தையே முடிவு செய்கிறது. 2007-இல் அந்த ஆட்டத்துக்குப் பர்னிங் குருசேட் என்ற விரிவாக்கம் வந்தபோது ஃப்ரோஸன் ஷேடோவீவ் என்று ஓர் உடைத் தொகுதி, தையல்காரர் தனக்கே தைத்துக்கொள்ள வேண்டும், எடுத்தால் ஒட்டு. அது அவ்வளவு நன்றாக இருந்ததால் வார்லாக், ஷேடோ பிரீஸ்ட் என்ற மந்திரவாதி வகை ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாகத் தையல் படித்தார்கள், ரெய்டில் வேறு உடை கிடைத்தாலும் கழற்ற மனம் வராமல் திரிந்தார்கள். அங்கே பட்டறை கட்டுபடியானது, ஆனால் கடையாக இல்லை, தனக்குத் தானே. விற்க முடியாதபோது லாபம் என்ற சொல்லுக்கே இடமில்லை.

2022 நவம்பரில் அதே ஆட்டத்தின் டிராகன்ஃப்ளைட் விரிவாக்கம் வந்தபோது முறையை அடியோடு மாற்றினார்கள். மேல்நிலைக் கலனுக்கு ஸ்பார்க் என்று ஒரு மூலப்பொருள், அது வாடிக்கையாளரோடு ஒட்டியது, அளவாகத்தான் கிடைக்கும். அவர் ஆர்டர் எழுதி அதோடு அனுப்புவார், செய்கிறவர் செய்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வார். பழைய சங்கிலியைக் கொண்டுவந்து கொடுத்து "இதில் ஒரு ஜோடித் தோடு செய்து கொடுங்க" என்று மாமாவிடம் சொல்கிற அதே வியாபாரம்! பொன் அவருடையது, பட்டறைக்குச் செய்கூலி. ஐந்து தரம் உண்டு, மேல் தரம் வர வேண்டுமானால் தொழிலில் ஒரு கிளையையே பிடித்துத் தேறியிருக்க வேண்டும். மூலப்பொருளை மிச்சம் பிடிக்கிற திறனுக்கும் ஓர் எண் இருக்கிறது, ரிசோர்ஸ்ஃபுல்னஸ் என்று. அதைத் தமிழில் "சேதாரக் குறைப்பு" என்று எழுதிவிட்டால் விளக்கமே தேவையில்லை. என் பார்வையில் விற்பனைக்காரனுக்கு உண்மையில் கட்டுபடியான முறை இதுதான், சரக்கு தேங்கவே தேங்காது, ஆர்டர் வந்தால்தான் அடுப்பு மூட்டுவீர்கள். ஆனால் முதலில் தேறிய சிலருக்குத்தான் கூட்டம் சேர்ந்தது என்ற புலம்பலையும் கேட்டிருக்கிறேன். எந்தக் கடைத்தெருவில்தான் அப்படி இல்லை?

பட்டறை எப்போதும் கட்டுபடியாக வேண்டுமானால் கலன் அழிய வேண்டும். ஈவில் கப்பல் வெடித்தால் போயிற்று, இன்னொன்று கட்டித்தான் ஆக வேண்டும். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் 21 மணி நேரம் நடந்த சண்டையில் டைட்டன் என்ற ராட்சதக் கப்பல்கள் 75 அழிந்தன, ஒவ்வொன்றும் ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் கட்டியது. கட்டுகிறவர்களுக்கு அது சாவு வீடு இல்லை, ஆர்டர் வருகிற நாள். 2017-இல் வந்த அல்பியான் என்ற ஆட்டத்திலும் கறுப்பு மண்டலத்தில் செத்தால் போட்டிருந்ததெல்லாம் பறிபோகும், அதனால் சின்னப் பட்டறைக்கும் அங்கே தினமும் வேலை இருக்கிறது. நேர்மாறாக, கலன் அழியாத ஆட்டத்தில் ஒருவனுக்கு ஒரு வாள் விற்றால் அடுத்த புதுப்பிப்பு வரை அவன் திரும்ப வரமாட்டான்.

கில்டு வார்ஸ் 2 என்ற ஆட்டத்தை மட்டும் தனியாக வைக்க வேண்டும். அதன் உச்ச வகையான லெஜெண்டரி கலன் மாதக்கணக்கில் வேலை வாங்கும், ஆனால் எண்ணில் அடுத்த கீழ்ப்படியான அசெண்டட் கலனைவிட ஒரு புள்ளிகூட அதிகமில்லை. கிடைப்பது வசதி மட்டும், கலன் தருகிற திறன் எண்களை நினைத்தபடி மாற்றிக்கொள்ளலாம். கட்டுபடியா என்றால் இல்லை. நான் ஒன்று செய்தேனா என்றால், செய்தேன். கேட்காதீர்கள்.

சரி, சொற்களுக்கு வருகிறேன். பட்டறைக்கலன், வேட்டைக்கலன், செய்கூலி, சேதாரம், எடுத்தால் ஒட்டு, உடுத்தால் ஒட்டு, இவற்றை இப்போதே பட்டியலில் ஏற்றலாம் என்று நினைக்கிறேன். பழைய கலனை உடைத்து மூலப்பொருள் எடுப்பதற்கு "உருக்குதல்" வைக்கலாம், ஆனால் துணியை உருக்க முடியாதே என்று இரண்டாவது மடலில் ஒரு நண்பர் கேட்டது நியாயம்தான், "பிரித்தல்" என்று மாற்றிக்கொள்ளச் சம்மதம். உயர்தரத்துக்கு "நயம்" என்றே போடுங்கள், நயம் நல்லெண்ணெய் என்று செட்டியார் கடையில் சொல்கிற நயம். "நயம் தோல் சட்டை" என்று எழுதிப் பார்த்தேன், உடனே வாங்கத் தோன்றுகிறது.

தலை, கை, கால் என உடம்பில் ஒவ்வோர் இடத்துக்கும் மிகச் சிறந்த கலன் என்பதற்குத்தான் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. "இடமுதல்" என்று ஒன்று எழுதி அடித்துவிட்டேன். "தலைக்கலன்" என்றால் தலையில் போடுவது என்று எடுத்துக்கொள்வார்கள். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், தம்பி ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டுரையை முடிக்க வேண்டுமாம்.

தம்பிக்கு இன்னொன்று: பெட்டியில் பதினொரு தோல் கையுறை மிச்சம் இருக்கிறது, எல்லாம் நயம், செய்கூலி வேண்டாம்.