பேசாமல் உள்ளே போன அரசிகள்: உங்கள் அனுபவம் என்ன?

பழைய மாணவி

கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் வரும் தாய்மார்களையும் அரசிகளையும் மேடையிலோ வாசிப்பிலோ எதிர்கொண்டவர்கள் இங்கே எழுதுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

கல்லூரியில் சோபாக்ளிஸின் 'ஆன்டிகனி' போட்டபோது எனக்குக் கிடைத்தது யூரிடிசி வேடம். கிரேயான் மன்னனின் மனைவி, ஹேமனின் தாய். மூலத்தில் அவளுக்கு ஒன்பதே அடிகள். நாடகம் முடியப்போகிற நேரத்தில் வருவாள். கோயிலுக்குப் போகலாம் என்று தாழ்ப்பாளைத் திறந்தேன், வீட்டுக்கு ஏதோ கேடு என்று காதில் விழுந்தது, மயங்கிவிட்டேன், நடந்ததை இன்னொரு முறை சொல்லுங்கள், துன்பம் எனக்குப் புதிதல்ல என்பாள். வசனம் அத்தோடு சரி. "இதற்கா இவ்வளவு ஒப்பனை?" என்று கோரஸில் (ஊராராக நின்று பாடிப் பேசும் குழு) நின்றவர்கள் கேலி செய்தார்கள்.

வேடத்தின் கனம் ஒத்திகையில்தான் தெரிந்தது. அவள் கேட்டதும் தூதன் ஏறக்குறைய ஐம்பது அடிகள் பேசுகிறான். கிரேயான் அடைத்துவைத்த குகைக்குள், ஹேமனுக்கு நிச்சயித்திருந்த ஆன்டிகனி தூக்கில் தொங்குகிறாள். ஹேமன் அவளுடைய இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறுகிறான். அப்பன் முகத்தில் காறித் துப்புகிறான். வாளை உருவி வீசுகிறான், குறி தப்புகிறது. அதே வாளைத் தன் விலாவில் பாய்ச்சிக்கொள்கிறான். இத்தனையும் பெற்றவளின் முகத்துக்கு நேரே சொல்லப்படுகிறது. அந்த நேரம் முழுவதும் அவள் என்ன செய்ய வேண்டும் என்று நாடகத்தில் ஒரு குறிப்பும் கிடையாது. அந்தக் காலத்து நடிகருக்கு முகமூடி இருந்தது. எனக்கு முகம்தான் இருந்தது.

இயக்குநர் ஒன்றே ஒன்று சொன்னார்: "அழாதே. நீ அழுதால் எல்லாரும் உன்னைப் பார்ப்பார்கள். அவன் சொல்வது யார் காதிலும் ஏறாது." பூசைத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தூதனின் வாயை மட்டும் பார்த்தபடி நின்றேன். அவன் முடித்ததும் திரும்பி நடந்தேன். வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. அரங்கத்தில் பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. "நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை சொல்லாமல் அரசி போய்விட்டாளே" என்று கோரஸ் தலைவர் கேட்டபோதுதான் தலைகள் திரும்பின. அதற்குள் நான் திரைக்குப் பின்னால் இருந்தேன்.

அடுத்து அவளைப் பற்றி வருவது சாவுச் செய்திதான். பலிபீடத்தின் அருகே தன்னையே குத்திக்கொண்டாள், பிள்ளையைக் கொன்றவனே என்று கணவனைச் சபித்துவிட்டுச் செத்தாள். அவளுடைய மூத்த பிள்ளை முன்பே இறந்ததும் அப்போதுதான் தெரிகிறது.

'டிராக்கிஸ் பெண்கள்' நாடகத்திலும் சோபாக்ளிஸ் இதையே செய்கிறார். வசிய மருந்து என்று நம்பி நஞ்சு தோய்ந்த ஆடையைக் கணவன் ஹெராக்ளிஸுக்கு அனுப்பிவிடுகிறாள் டெயனீரா. மகன் வந்து முகத்துக்கு நேரே சபிக்கிறான். அவள் வாய் திறக்காமல் உள்ளே போகிறாள். பேசாமல் போனால் பழியை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று கோரஸ் பதறுகிறது. என் கருத்தில், இந்த நாடகங்களில் கூச்சலிடும் அரசியைவிடக் கதவை நோக்கி நடக்கும் அரசியிடம்தான் பயப்பட வேண்டும்.


வகுப்பறை

ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு 'ஈடிபஸ் மன்னன்' நடத்துகிறவன் நான். ஜொகாஸ்டாவை விட்டுவிட்டீர்களே! ஈடிபஸின் மனைவி. அவனைப் பெற்ற தாயும் அவளே என்பது இருவருக்கும் தெரியாது.

அவள் அந்த உண்மையைத் தெரிந்துகொண்டது எந்தக் கணத்தில்? ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும் கேள்வி இது. கொரிந்துவிலிருந்து வந்த கிழவன், "நீ எங்கள் மன்னனுக்குப் பிறந்தவன் இல்லை, கணுக்கால் துளைக்கப்பட்ட குழந்தையாகக் கிதைரோன் மலையில் என் கைக்கு வந்தாய்" என்று ஈடிபஸிடம் சொல்கிறான். ஈடிபஸ் துருவித் துருவிக் கேட்கிறான். அந்த நீண்ட உரையாடல் முழுவதும் ஜொகாஸ்டா அங்கேயே நிற்கிறாள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. படிக்கும்போது அவள் இருப்பதே மறந்துவிடும். அதனால் நான் ஒரு மாணவியை நடுவில் நிற்கவைத்து, மற்ற இருவரையும் வாசிக்கச் சொல்வேன். ஒருமுறை கணுக்கால் பேச்சு வந்தவுடன் அந்தப் பெண் தானாகவே கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று வகுப்பில் சண்டையே நடக்கவில்லை.

ஆனால் உங்கள் பட்டியலில் இவளை அப்படியே சேர்க்க முடியாது. இவள் கெஞ்சுகிறாள். "உன் உயிர்மேல் உனக்கு ஆசை இருந்தால் இதைத் தேடாதே" என்கிறாள். நடப்பதை நிறுத்தப் பார்த்து, முடியாமல்தான் உள்ளே ஓடுகிறாள். கணவனின் பிறப்பு தாழ்ந்தது என்று தெரிந்துவிடுமோ என அவள் வெட்கப்படுவதாக ஈடிபஸ் நினைக்கிறான் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவன்மேல் கோபம் வரும்.


கப்பல்காரன்

கதவே இல்லாத அரசியைப் பற்றி நான் சொல்கிறேன்.

பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் பழுதுக்காக நின்றபோது, எபிடாரஸ் கோடை விழாவில் யூரிப்பிடிஸின் 'டிரோஜன் பெண்கள்' பார்த்தேன். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கட்டிய திறந்தவெளி அரங்கம். இருட்டிய பிறகுதான் தொடங்கினார்கள். அப்போதும் கல் இருக்கையில் பகல் சூடு இருந்தது. நாடகம் நவீன கிரேக்கத்தில் நடந்தது. எனக்குத் தெரிந்த கிரேக்கம் கடைத்தெருவோடு சரி. கதையை முன்பே படித்திருந்ததால் பிழைத்தேன்.

ஹெகுபா டிராய் நகரத்து அரசி. கணவனும் மகன்களும் மாண்டு, நகரம் கிரேக்கரிடம் விழுந்த மறுநாள். நாடகம் தொடங்கும்போதே தரையில் கிடக்கிறாள், கடைசி வரை மேடையை விட்டுப் போவதில்லை. மகளும் மருமகள்களும் ஒவ்வொருவராக இழுத்துச் செல்லப்படுகிறார்கள். மதிலிலிருந்து வீசிக் கொல்லப்பட்ட பேரன் அஸ்டியனாக்ஸை, அவன் அப்பன் ஹெக்டரின் கேடயத்தில் கிடத்திக் கொண்டுவருகிறார்கள். அந்தக் கிழவி கேடயத்தையும் விடாமல் பார்க்கிறாள். கைப்பிடியில் ஹெக்டரின் கை பதிந்த தடம், விளிம்பில் அவன் தாடையை வைத்திருந்த இடத்தில் வியர்வைக் கறை. "நீ இறந்தால் என் முடியை வெட்டிக் கல்லறையில் வைப்பேன் பாட்டி என்றாயே" என்று பேரனிடம் சொல்கிறாள். மேடையில் நடிகை கேடயத்தின் விளிம்பில் விரலை ஓட்டினார். மொழி தேவைப்படவில்லை.

இறுதியில் எரியும் நகரத்துக்குள் ஓடிச் சாகப் பார்க்கிறாள். வீரர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். அவள் கிரேக்கத் தலைவன் ஒடிசியஸுக்கு ஒதுக்கிய அடிமை, உயிரோடு ஒப்படைக்க வேண்டும். உள்ளே போய்ச் சாகும் உரிமைகூட இந்த அரசிக்கு இல்லை. கி.மு. 415இல் ஏதென்ஸில் இது மேடையேறியது. அதற்குச் சற்று முன்புதான் மெலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றிருந்தார்கள் அதே ஏதென்ஸ்காரர்கள். நாடகப் போட்டியில் இரண்டாம் பரிசுதான் கொடுத்தார்கள் என்று படித்தபோது, இதையாவது கொடுத்தார்களே என்று தோன்றியது.


வெள்ளவத்தை

இதே நாடகத்தைத் தர்மசிறி பண்டாரநாயக்க சிங்களத்தில் மேடையேற்றினார். இங்கே யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு அரைகுறைச் சிங்களம்தான். பக்கத்தில் இருந்த அம்மா யாரென்று தெரியாது. பேரனின் காட்சியில் என் முழங்கையைப் பிடித்தவர், அது முடியும் வரை விடவில்லை.


பெண்வேடம்

கூத்தில் பெண்வேடம் கட்டுகிறவன் நான். கிரேக்கத்திலும் இந்த அரசிகளை எல்லாம் ஆண்களே நடித்தார்கள் என்று அறிந்தபோது எனக்கு ஒரு சொந்தம் உண்டாயிற்று. ஆனால் முறை வேறு. எங்கள் குந்தி கர்ணனை மடியில் போட்டுக்கொண்டு ஊரே எழுந்து உட்காரும்படி அழுவாள். பேசாமல் உள்ளே போனால் சனம் விடாது. பழைய மாணவி அம்மா, ஐம்பது அடி முடியும் வரை தட்டோடு அசையாமல் நின்றீர்கள் பாருங்கள், அது என்னால் முடியாது. எனக்குக் கால் சும்மா இருக்காது.


பழைய மாணவி

பெண்வேடம் ஐயா, உங்கள் குந்தியைப் பார்க்க வேண்டும். ஆட்டம் எப்போது என்று எழுதுங்கள், விடிய விடிய உட்காரத் தயார்.

இன்னும் ஒருத்தி பாக்கி. ஏஸ்கிலஸின் 'பாரசீகர்கள்', கி.மு. 472. தோற்றுப்போய், உடை கிழிந்து வருகிறான் செர்க்சஸ் மன்னன். அவனுடைய தாயிடம், நல்ல உடை எடுத்துக்கொண்டு மகனை எதிர்கொள்ளச் சொல்கிறது இறந்த கணவனின் ஆவி. அவளும் எடுத்துவரப் போகிறாள். மகன் வந்துவிடுகிறான், கந்தலோடு கடைசி வரை புலம்புகிறான். தாய் வரவே இல்லை. மகனை அந்தக் கோலத்தில் பார்க்கத் தாயை நிறுத்தக்கூடாது என்று ஆசிரியர் நினைத்தார் என்பார்கள் சிலர். அன்று பேசும் நடிகர்கள் இரண்டே பேர், தாயாக வந்தவரே வேடம் மாற்றி மகனாக வந்திருக்கலாம் என்பார்கள் வேறு சிலர். ஒரே ஆள் மூன்று வேடம் கட்டிய நாடகக் குழுவில் இருந்தவள் நான். இரண்டாவது விளக்கத்துக்கே என் ஓட்டு.