மரு உறைவிப்பா, குளிர்ச்சுடுகையா?

குழித்துறையிலிருந்து:
வணக்கம். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் உள்ளங்காலில் மரு பரவுகிறது. பெற்றோருக்கான துண்டறிக்கை திங்கள் காலை அச்சுக்குப் போக வேண்டும். வீட்டிலேயே மருவை உறையவைக்கும் குப்பியைச் சிலர் வாங்கிவிட்டார்கள். கிரையோதெரபிக்கு (கடுங்குளிரால் உறையவைத்து அழிக்கும் மருத்துவம்) ‘உறைவு மருத்துவம்’ என்ற தமிழ்ச் சொல் சரியா? நோயின் பெயரே தகராறுதான்: களியக்காவிளைப் பக்கம் அரிம்பாறை, கிழக்கே பாலுண்ணி, காலில் வந்தால் எல்லாருக்கும் ஆணி. ஆணி என்று நினைத்து ஒரு தாய் பிளேடால் செதுக்கியிருந்தார். பையன் குதிகாலில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கரும்புள்ளிகள்.

செங்கோட்டையிலிருந்து:
சார், உறைவிடப் பள்ளி தெரியுமல்லவா? ‘உறைவு மருத்துவம்’ என்றால் தங்கிப் பெறும் மருத்துவம் என்றுதான் படிப்பேன். ‘குளிர்ச்சுடுகை’ என்று போடுங்கள். குறள் 1104-இல் ‘தண்ணென்னும் தீ’ இருக்கிறதே! இன்னொன்று: அரிம்பாறையில் உள்ள ‘அரி’ அரிசிதான் என்பது என் கணிப்பு. மருவுக்குப் பால் தடவும் செடியும் அம்மான் பச்சரிசி!

பாலக்காட்டிலிருந்து (மருத்துவர்):
ஐயா, அரிசியைப் பிறகு அளப்போம். சுடுகை என்றால் சுண்ணாம்பு வைத்துச் சுடுவார்கள். அந்தக் கரும்புள்ளிகள் இரத்தம் உறைந்த நுண்குழாய்கள்; ஆணியில் அவை இருக்காது. ஆணி நேராக அழுத்தினால் வலிக்கும், மரு இருபுறமும் சேர்த்துக் கிள்ளினால் வலிக்கும்.

மார்த்தாண்டத்திலிருந்து:
தன்வினை உறைவு, பிறவினை உறைவிப்பு. நாம் உறையவைக்கிறோம், ஆகவே ‘உறைவிப்பு’. அம்மாவிடம் சொன்னேன். “அது என்ன மக்ளே? ஐஸ் வச்சு கரிக்கிறதுண்ணு எழுது” என்கிறார். அதுவே தெளிவாக இல்லையா?

பாலக்காட்டிலிருந்து:
அம்மா சொன்ன ‘கரிக்கிறது’ அருமை. ‘ஐஸ்’தான் ஆபத்து! ஃபிரிட்ஜ் கட்டியைப் பிள்ளையின் காலில் அழுத்திப் பிடிப்பார்கள். தோல்தான் புண்ணாகும், மரு சாகாது. குப்பியில் இருப்பது டைமெதில் ஈதரும் புரொப்பேனும். அதன் குளிர் சுமார் −57 டிகிரி செல்சியஸ். மருத்துவமனையில் நாங்கள் வைக்கும் திரவ நைட்ரஜன் −196. உள்ளங்கால் தோல் தடிப்பு, அதனால் வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்த பிறகே குப்பி. போகாவிட்டால் இரண்டு வாரம் விட்டு மறுபடி. சர்க்கரை நோயாளிக்கும் கால் மரத்தவருக்கும் கூடாது, முகத்தில் கூடவே கூடாது. வாயு எரியும், அடுப்பருகே திறக்காதீர்கள். இவ்வளவையும் ஒரு சொல் சுமக்காது.

செங்கோட்டையிலிருந்து:
சுமக்காதுதான். ஆனால் ‘உறைவிப்பு’ வலியைச் சொல்லவில்லை. கொப்புளம் எழுந்ததும் தாய் பதறுவாள். ‘சுடுகை’ முன்கூட்டியே எச்சரிக்கும்.

குழித்துறையிலிருந்து:
ஞாயிறு இரவு பதினொன்று. மூவர் ‘உறைவிப்பு’, ஒருவர் ‘சுடுகை’. தலைப்பில் ‘மரு (அரிம்பாறை) உறைவிப்பு’ போட்டுவிட்டேன். அடியில் “ஐஸ் கட்டி அல்ல, சுட்டதுபோல் கொப்புளிக்கும்” என்ற வரி.

செங்கோட்டையிலிருந்து:
அந்த வரியில் ‘சுட்டதுபோல்’ வந்துவிட்டது, பார்த்தீர்களா? என் மறுப்பு நிற்கட்டும். மரு, மறு பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.