பண்ணை வீட்டில் சம்மர் கேம்ப்: செப்டிக் தாங்குமா, யாரிடம் அனுமதி வாங்குவது?

வூஸ்டர்வாசி:
வணக்கம். மாசசூசெட்ஸில், வூஸ்டருக்கு மேற்கே ஒரு பண்ணை வீட்டை ஜூலையில் இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்து, தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கல் முகாம் நடத்தலாம் என்று திட்டம். 60 பிள்ளைகள், 15 பெரியவர்கள். வீட்டில் 5 படுக்கையறை, பிள்ளைகளுக்குக் கூடாரம். சமையல் அங்கேயே. ஊர்ச் சாக்கடை இணைப்பு இல்லை, செப்டிக்தான். தண்ணீருக்குச் சொந்தக் கிணறு. "1,500 கேலன் டேங்க், போன வருஷம்தான் பம்ப் பண்ணினோம், தாராளமாகத் தாங்கும்" என்கிறார் வீட்டுக்காரர். நம்பலாமா? லாப நோக்கமில்லாத முகாமுக்கும் லைசென்ஸ் வேண்டுமா?

மண்புழு:
தாங்காது. டேங்க் எவ்வளவு பெரியது என்பது இங்கே கேள்வியே இல்லை. மாசசூசெட்ஸின் செப்டிக் விதியான டைட்டில் 5, ஒரு நாளைக்கு எத்தனை கேலன் கழிவுநீர் வரும் என்ற கணக்கில்தான் எல்லாவற்றையும் அளக்கிறது. வீடு என்றால் படுக்கையறைக்கு 110 கேலன். 5 அறைக்கு 550. தங்கல் முகாம் என்றால் தலைக்கு 35 கேலன். 75 பேருக்கு 2,625. கூடாரத்தில் படுத்தாலும் கட்டிலில் படுத்தாலும் கணக்கு தலைக்குத்தான்.

அந்த 2,625-க்குப் புதிதாகக் கட்டினால், முதல் டேங்க் ஒரு நாள் கழிவுநீர் வரத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 5,250 கேலன் இருக்க வேண்டும். நல்ல மணற்பாங்கான மண்ணாக இருந்தாலும் ஒரு நாளைக்குச் சதுர அடிக்கு 0.74 கேலன்தான் அனுமதி, ஆகவே லீச் ஃபீல்டுக்கு, அதாவது டேங்க்கிலிருந்து வரும் தண்ணீரை மண் உறிஞ்சும் இடத்துக்கு, ஏறக்குறைய 3,550 சதுர அடி வேண்டும். 2,000 கேலனைத் தாண்டுவதால் பம்ப் வைத்து அழுத்தத்தில் பிரித்து விடும் அமைப்பும் கட்டாயம்.

பம்ப் பண்ணினால் டேங்க்கில் தேங்கிய கசடு போகும், அவ்வளவுதான். லீச் ஃபீல்டின் உறிஞ்சும் திறன் ஒரு சொட்டுகூட அதிகமாகாது. 75 பேர் அந்தக் கணக்குப்படி புழங்கினால் 1,500 கேலன் டேங்க்கில் தண்ணீர் 14 மணி நேரம்கூட நிற்காது. காலை 7 மணிக்கு எல்லாரும் ஒரே சமயத்தில் குளித்து ஃப்ளஷ் செய்யும்போது, அடியில் படிய வேண்டிய கசடு கலங்கி, வெளியேறும் குழாய் வழியாக லீச் ஃபீல்டுக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். சில நாளில் புல்தரையில் ஓரிடம் மட்டும் பச்சையாகி, மிதித்தால் பஞ்சு போல அமுங்கும். பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடும் இடம் அது. தயவுசெய்து இந்த ஆபத்தை எடுக்காதீர்கள்.

ஊர்நலம்:
லைசென்ஸ் கட்டாயம் வேண்டும். குடும்பத்தினரோ சொந்த விருந்தினரோ அல்லாத 5 பிள்ளைகள் இருந்தாலே, ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை நடக்கும் பொழுதுபோக்கு முகாம் மாநில விதிக்குள் வந்துவிடும். கட்டணம் வாங்காவிட்டாலும், தொண்டு நிறுவனம் நடத்தினாலும் விலக்கு கிடையாது. லைசென்ஸ் தருவது மாநில அரசு அல்ல. பண்ணை எந்த டவுனில் இருக்கிறதோ அந்த டவுனின் போர்டு ஆஃப் ஹெல்த் (சுகாதார வாரியம்). செப்டிக் கோப்பும் அதே அலுவலகத்தில்தான் இருக்கும்.

முதல் வேலையாக அங்கே போய், அந்த முகவரியின் ஆஸ்-பில்ட் வரைபடத்தையும் (செப்டிக் உண்மையில் எங்கே, எப்படிக் கட்டப்பட்டது என்று காட்டுவது) செப்டிக் பெர்மிட்டையும் கேளுங்கள். வீட்டில் இன்று 5 படுக்கையறை இருக்கலாம், ஆனால் செப்டிக் 3 அறைக்கு, 330 கேலனுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டிருக்கலாம். கோப்பில் உள்ள எண்தான் செல்லும். அதைத் தாண்டி வரத்தைக் கூட்டினால் புதுக் கட்டுமானமாகவே பார்ப்பார்கள்.

மற்ற காகிதங்களை பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்குங்கள்: ஊழியர், தன்னார்வலர் எல்லாருக்கும் குற்றப் பின்னணி, பாலியல் குற்றப் பதிவேடு சரிபார்ப்பு; ஹெல்த் கேர் கன்சல்டன்ட் (முகாமின் மருத்துவ ஆலோசகர்) ஒப்புக்கொண்ட எழுத்துப்பூர்வ மருத்துவக் கொள்கை; தடுப்பூசிச் சான்றுகள்; தீயணைப்புத் துறையின் கடிதம்; பிள்ளை காணாமல் போனால் என்ன செய்வது என்ற திட்டம். தீ ஒத்திகையை முகாம் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் நடத்த வேண்டும்.

வூஸ்டர்வாசி:
மிக்க நன்றி. அப்படியானால் பகல் முகாமாக மாற்றிவிட்டால்? 45 பிள்ளைகள், 10 பெரியவர்கள். மதியச் சாப்பாடு மட்டும் அங்கே சமைக்கலாமா?

மண்புழு:
பகல் முகாமுக்குத் தலைக்கு 10 கேலன், சமையற்கூடமும் சாப்பாட்டுக்கூடமும் சேர்ந்தால் 13. சமைக்காவிட்டால் 55 பேருக்கு 550, கோப்பில் 5 அறை இருந்தால் எல்லைக்குள் வரும். சமைத்தால் 715, வராது. இன்னொன்று, அந்த 550 வீட்டில் குடியிருப்பவர்களுக்கான கணக்கு. வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே இருந்தால் உங்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. வீடு காலியாக இருக்கும், சமையல் இல்லை என்று எழுதிக் கொடுத்து, போர்டின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்குங்கள். எண்ணிக்கையை 40-க்குக் குறைத்தால் இன்னும் நிம்மதி.

மாநில அங்கீகாரம் பெற்ற ஆளை வைத்து டைட்டில் 5 பரிசோதனையும் செய்துவிடுங்கள். டேங்க்கிலிருந்து வரும் தண்ணீரை லீச் ஃபீல்டின் குழாய்களுக்குப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸின் மூடியைத் திறக்கும்போது நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் வெளியேறும் குழாயின் அடிமட்டத்துக்கு மேலே நின்றால் லீச் ஃபீல்ட் தண்ணீரை உறிஞ்சவில்லை என்று பொருள், பரிசோதனையில் அது தோல்வி. முந்தைய 12 மாதத்தில் 4 தடவைக்கு மேல் பம்ப் பண்ணியிருந்தாலும், அது குழாய் அடைப்பால் இல்லையென்றால், தோல்விதான்.

அடுப்படி:
சமையலை அங்கே வைக்காததே நல்லது. நம் சமையலில் செப்டிக்குக் கேடு செய்வது எண்ணெய் மட்டுமல்ல. வடித்த கஞ்சி, பருப்புக் குழம்பின் அடிமண்டி, தோசை மாவு கழுவிய தண்ணீர் எல்லாம் கரைந்த மாவுச்சத்து. அது டேங்க்கில் படியாமல் நேராக லீச் ஃபீல்டுக்குப் போய், மண்ணில் வழவழப்பான படலத்தை வளர்த்துவிடும். கிரீஸ் ட்ராப் எண்ணெயைத்தான் பிடிக்கும், கஞ்சியைப் பிடிக்காது. அந்த ட்ராப்பே டைட்டில் 5-இன்படி குறைந்தது 1,000 கேலன், வெளியே புதைக்க வேண்டும். இரண்டு வார முகாமுக்காக யாரும் போடமாட்டார்கள். லைசென்ஸ் உள்ள சமையற்கூடத்தில் சமைத்து, சூடான உணவை 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் கொண்டுவந்து, பாத்திரங்களைக் கழுவாமல் திருப்பி எடுத்துப் போகச் சொல்லுங்கள். தயிர்சாதத்தை ஐஸில் வைத்து 41 டிகிரிக்கு மேல் போகாமல் பார்க்க வேண்டும்.

ஊர்நலம்:
கிணற்றை மறந்துவிடாதீர்கள். லீச் ஃபீல்டிலிருந்து 100 அடி, டேங்க்கிலிருந்து 50 அடி தள்ளி இருக்க வேண்டும்; ஆஸ்-பில்ட் வரைபடத்தில் அளந்து பார்க்கலாம். 25 பேரோ அதற்கு மேலோ வருடத்தில் குறைந்தது 60 நாள் குடித்தால் அது பொதுக் குடிநீர் அமைப்பாகி மாநிலத்தின் கைக்குப் போகும். உங்கள் இரண்டு வாரம் அதில் வராது, ஆனால் அதே பண்ணையில் வேறு முகாம்களும் நடக்கின்றனவா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள், நாள்களைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். எப்படியும் போர்டு தண்ணீர்ப் பரிசோதனை கேட்கும்: கோலிஃபார்ம் பாக்டீரியா இருக்கவே கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள். மாதிரி எடுக்கும் குழாயில் வடிகட்டி வலையைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, ஆய்வகம் தந்த பாட்டிலில் பிடியுங்கள். முடிவு மோசமாக வந்தால் கிணற்றைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்து மறுபடி சோதிக்க அவகாசம் வேண்டும், அதனால் மே மாதத்துக்குள் முதல் மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்காரருக்கு முன்பணம் கொடுப்பதை போர்டின் கடிதம் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.