புதுப்பிப்பு: கினிப்பன்றிகளின் முதல் தோட்ட நாள்கள்

என் இரண்டு கினிப்பன்றிகளைத் தோட்டத்துப் புல்லுக்கு எப்படிப் பழக்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். மூன்று வாரங்களில் நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதல் வாரம் அவற்றை வெளியே கொண்டுபோகவே இல்லை. உலர்புல்லுக்கே பழகிய வயிறு திடீரென்று பச்சைப் புல்லை நிறையத் தின்றால் கழிச்சலும் உப்புசமும் வரக்கூடும் என்பதால், மருந்து தெளிக்காத இடத்தில் நாளுக்கு ஒரு சிறு பிடி புல்லைக் கையால் பறித்துக் கூண்டிலேயே கொடுத்து, புழுக்கை கெட்டியாக இருப்பதைப் பார்த்த பிறகே வெளியே விட்டேன். (இயந்திரம் வெட்டிய புல் விரைவில் நொதித்துவிடும், அதைக் கொடுக்கவே இல்லை.)

முதல் நாள் இரண்டும் ஒளிந்துகொள்ள வைத்த பெட்டியிலிருந்து மூக்கைக்கூட நீட்டவில்லை. நான்காம் நாள் பெரியது வாசலருகே மேயத் தொடங்கியது.

நான் தவறாகக் கணித்தது நிழலைத்தான். காலையில் நிழலாக இருந்த மூலையில் அரை மணி நேரத்திற்குள் வெயில் விழுந்துவிட்டது. கினிப்பன்றிகளுக்கு வியர்க்காது; வெப்பநிலை 26 பாகை செல்சியசைத் தாண்டினாலே ஆபத்து நெருங்குகிறது. ஆகவே இப்போது அடைப்பின் பாதியைத் துணியால் மூடி, மீதியின்மேல் பூனைக்கும் காகத்துக்கும் அஞ்சிக் கம்பிவலை போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். சின்னது இன்னும் பெட்டியைவிட்டு வரவில்லை. அதை நான் வற்புறுத்தவும் இல்லை.