மன்னவனூரில் பற்றாத டீசல் ஹீட்டர், வீட்டு முற்றத்தில் மட்டும் பற்றுகிறது. என்ன கோளாறு?

மணவை வண்டிக்காரன் (மணவாளக்குறிச்சி) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பழைய டெம்போ டிராவலர் ஒன்றைக் கேரவனாக மாற்றி வாடகைக்கு விடுகிறேன். இரண்டு படுக்கை, சின்ன அடுப்பு, ஃபிரிட்ஜ், பின்னால் கக்கூஸ், அவ்வளவுதான். மணவாளக்குறிச்சிக்காரனுக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு வருமானமே டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானல், மூணாறு போகிற குடும்பங்கள்தான். ஹீட்டர் இல்லை என்றால் போனை வைத்துவிடுகிறார்கள். முதலில் அதை இறக்கி வைத்தபோது பக்கத்து வீட்டு ஆச்சி, "கோழிக்குஞ்சு பொரிக்கிற மிஷினா மக்கா?" என்று கேட்டார். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அவருக்கு வேறென்ன தோன்றும்!

சீனாவில் செய்தது. 12 வோல்ட், 5 கிலோவாட். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பெட்டிக்குள் இருக்கிறது. வண்டி டாங்கில் தொடாமல் தனியாக ஒரு பிளாஸ்டிக் டாங்க் வைத்திருக்கிறேன். பேட்டரி 100 ஆம்பியர் ஹவர், லெட் ஆசிட், வண்டியின் பின்கோடியில்.

கோளாறு இதுதான். ஆன் செய்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும். கொஞ்ச நேரத்தில் பம்ப் டக் டக் என்று அடிக்கத் தொடங்கும். சைலன்சர் குழாயில் வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கிற டீசல் வாடை. பற்றிக்கொள்ளப் போகிறது என்று பார்த்தால் பற்றாது. ஃபேன் வேகமாக ஓடிப் புகையை வெளியே தள்ளும், மறுபடி முதலில் இருந்து அதே கதை. கடைசியில் இ-10 என்று காட்டி நின்றுவிடும். கூட வந்த புத்தகத்தில் அதற்கு "பற்றவைப்புத் தோல்வி" என்று போட்டிருக்கிறது. அதைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேனே!

இது நடந்தது கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில், ராத்திரி. வந்தவர்களிடம் கைக்குழந்தை இருந்தது. பாதி ராத்திரியில் பூம்பாறை வரை போய் அறை தேடினார்கள். வாடகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஊருக்கு வந்து முற்றத்தில் நிறுத்தி ஆன் செய்தால் முதல் தடவையே பற்றிக்கொண்டது! உள்ளே உட்கார்ந்து பார்த்த மாமனார் வேர்த்து வெளியே ஓடினார்.

பாடி கட்டிக் கொடுத்த கடையில் கேட்டேன். "மலையில் காற்று கம்மி, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அடுத்த மூச்சிலேயே "கன்ட்ரோல் போர்டு போயிருக்கும், மாற்றிவிடுங்கள்" என்றார்கள். இரண்டில் எது? போன சீசனில் இதே மன்னவனூரில் நன்றாகத்தானே எரிந்தது? போர்டு விலை ஹீட்டர் விலையில் பாதி வருகிறது. வாங்குவதற்கு முன்னால் வேறு எதைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேச்சிப்பாறை பைக்கர்:

சூடேறி டீசலைப் பற்றவைக்கிற குளோ பிளக்தான், சந்தேகமே வேண்டாம். இல்லை என்றால் டீசல் உறைந்திருக்கும். ஜனவரியில் அங்கே புல்லில் வெள்ளையாய் உறைபனி விழும். லடாக்குக்கு 2019-இல் இந்தியன் ஆயில் தனி டீசலே கொண்டுவந்தது, மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும்.

குளச்சல் போட் மெக்கானிக்:

பேச்சிப்பாறைத் தம்பி, மன்னவனூர் எங்கே, லடாக் எங்கே? டீசல் உறைந்தால் புகை எப்படி வரும்? வெள்ளைப் புகை என்றால் டீசல் உள்ளே போய்ச் சூட்டில் ஆவியாகி, எரியாமல் வெளியே வருகிறது என்று அர்த்தம். புகையே இல்லாமல் பம்ப் மட்டும் அடித்தால் டீசல் வரவில்லை. கறுப்புப் புகை என்றால் எரிகிறது, ஆனால் காற்று போதவில்லை. கன்ட்ரோலரில் வரும் எண்ணை விட இந்தப் புகையை நான் நம்புவேன். அந்த எண்ணும் கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் மாறும்.

மணவைத் தம்பி, ஒரே கேள்வி. முற்றத்தில் போட்டுப் பார்த்தபோது வீட்டுக் கரண்டில் சார்ஜர் ஓடிக்கொண்டிருந்ததா?

ஆமாம் என்பீர்கள் என்று வைத்துக்கொண்டே மீதியைச் சொல்கிறேன். இந்த ஹீட்டர் ஒரு தடவை பற்றிக்கொண்டால் அதற்கப்புறம் ஒன்றிரண்டு ஆம்பியரில் ராத்திரி முழுக்க ஓடும். பற்றுகிற அந்த முதல் சில நிமிஷம் மட்டும் குளோ பிளக் பத்து ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி பின்கோடியில், ஹீட்டர் முன்னால். நடுவில் எந்தக் கனத்தில் வயர் ஓடுகிறது என்று பார்த்தீர்களா? வயர் மெலிதாக இருந்தால் வோல்ட் வழியிலேயே தின்றுபோகும், பிளக் அரைச்சூட்டில் நிற்கும். சார்ஜர் ஓடும்போது பதிமூன்றரை வோல்ட்டுக்கு மேல் இருப்பதால் அந்த நஷ்டம் தெரியாது. மலையில், ராத்திரியில், ஃபிரிட்ஜும் லைட்டும் ஓடி முடிந்த பேட்டரியில் தெரியும். வோல்ட் குறைவு என்று சொல்லத் தனி எண் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். ரொம்பக் கீழே விழுந்தால்தான் அது வரும். அதற்குக் கொஞ்சம் மேலே நின்றால் ஹீட்டர் வாயைத் திறக்காது.

அதனால் வோல்ட் மீட்டரைப் பேட்டரியில் வைக்காதீர்கள். வயர் வந்து சேர்கிற ஹீட்டர் பிளக்கில் (குளோ பிளக் இல்லை), ஹீட்டர் பற்ற முயற்சி செய்கிற அந்த நேரத்தில் வையுங்கள். சும்மா இருக்கும்போது பார்த்தால் எல்லா வயரும் நல்ல வயர்தான்.

அடுத்தது காற்று. வண்டி மே மாசத்தில் இருந்து சும்மா கிடந்திருக்கும். அடியில் தொங்குகிற காற்றுக் குழாய், புகைக் குழாய் இரண்டிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். நம்ம பக்கம் குளவிக்கு அந்த அளவில் ஒரு துவாரம் கிடைத்தால் விடாது.

இன்னொன்று, பற்றாத ஹீட்டரை விடாமல் ஆன் செய்துகொண்டே இருக்காதீர்கள். எரியாத டீசல் ஹீட்டரின் எரியும் அறைக்குள் தேங்கும். அப்புறம் பற்றும்போது மொத்தமாகப் பற்றும், புகைக் குழாயில் தீ வரும்.

குளோ பிளக்கைக் கழற்றி நேரே பேட்டரியில் தொட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட் ஹீட்டரில்கூடச் சில கம்பெனிகள் எட்டு வோல்ட் பிளக் போடுகிறார்கள். தொட்ட உடனே போய்விடும். அப்புறம் "பிளக்தான் கெட்டிருந்தது" என்று சந்தோஷப்படுவீர்கள்.

தக்கலை பேட்டரிக்கடை:

அண்ணாச்சி சொன்னதற்குக் கணக்கு மட்டும் போடுகிறேன். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம். பேட்டரியில் இருந்து ஹீட்டர் 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அது 0.115 ஓம், 10 ஆம்பியருக்கு 1.15 வோல்ட் காலி. அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.3 வோல்ட்கூடப் போகாது. சூடு வோல்ட்டின் வர்க்கத்தில் குறையும், அதனால் ஒன்றரை வோல்ட் போனால் பிளக் சூட்டில் கால்பங்கு போச்சு.

கடற்கரை வண்டி என்பதால் ஃபியூஸ் ஹோல்டரைத் திறந்து பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும்.

மணவை வண்டிக்காரன்:

அண்ணாச்சி, சார்ஜர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வண்டி முற்றத்துக்கு வந்தாலே ஒயரை மாட்டிவிடுவது வழக்கம்.

இன்றைக்குச் சார்ஜரைக் கழற்றி, உள்ளே லைட்டும் ஃபிரிட்ஜும் ஒரு ராத்திரி ஓடவிட்டு, காலையில் போட்டுப் பார்த்தேன். வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே இங்கே முற்றத்திலும் இ-10 வந்துவிட்டது! இவ்வளவு சந்தோஷமாக ஒரு கோளாறை நான் பார்த்ததில்லை. பற்ற முயற்சி செய்யும்போது பேட்டரியில் 12.2, ஹீட்டர் பிளக்கில் 10.8. வயரைத் தோலுரித்துப் பார்த்தால் 1.5 தான். பாடிக்காரர்கள் லைட்டுக்கு இழுத்த அதே சுருளில் இருந்து ஹீட்டருக்கும் இழுத்திருக்கிறார்கள். ஃபியூஸ் ஹோல்டர் தக்கலை அண்ணன் சொன்ன பச்சையேதான்.

சரி, குளவிக்கு வருகிறேன். புகைக் குழாய் சுத்தம். காற்றுக் குழாயில் விரலை விட்டால் மண். கம்பியால் குத்தி எடுத்தேன். நல்ல உருட்டி வைத்த மண் கூடு, உள்ளே அறை அறையாகக் காய்ந்த சிலந்திகள். குழாயில் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. போன சீசனில் எரிந்ததும் இந்த சீசனில் எரியாததும் இப்போது புரிகிறது. மெலிந்த வயர் அப்போதும் இருந்தது, குளவி அப்போது இல்லை. மன்னவனூரில் கடைக்காரர்கள் சொன்ன காற்றுக் குறைவும் சேர்ந்தால் என்ன ஆகும்?

குளச்சல் போட் மெக்கானிக்:

மூன்றும் சேர்ந்தால் நீங்கள் சொன்னதுதான் ஆகும். கொடைக்கானல் உயரத்தில், 2100 மீட்டர் பக்கத்தில், காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். ஆனால் உங்கள் பம்ப் குளச்சலில் அடிக்கிற அதே டீசலை அங்கேயும் அடிக்கும். உயரத்துக்குத் தக்கபடி தானே குறைக்கிற ஹீட்டரும் இருக்கிறது, விலை வேறு. ஆக, கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. போர்டு பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள்.

வயர் மாற்றினால் வேலை முடிந்தது என்று மூடிவிடாதீர்கள். இத்தனை நாள் காற்றுக்குத் திணறி எரிந்திருக்கிறது, உள்ளே கரி ஏறியிருக்கும். குளோ பிளக்கைக் கழற்றினால் அந்தப் பொந்துக்குள் சல்லடை மாதிரி ஒரு சின்ன வலை இருக்கும். அதைக் கொக்கி போட்டு இழுத்து, கரி பிடித்திருந்தால் புதிதாகவே போடுங்கள். சுரண்டிச் சுத்தம் செய்து திரும்பப் போடுகிறவர்கள் உண்டு, நான் செய்யமாட்டேன். அற்ப விலை.

பம்பையும் ஒரு தடவை அளந்துவிடுங்கள். ஹீட்டர் முனையில் டீசல் குழாயைக் கழற்றி, ஊசி போடுகிற சிரிஞ்சுக்குள் விட்டு, பம்பின் டக் டக் அடியை நூறு வரை எண்ணுங்கள். பம்ப் மேல் 22 என்று எழுதியிருந்தால் ஆயிரம் அடிக்கு 22 மில்லி, நூறுக்கு 2.2. ரொம்பக் குறைந்தால் வடிகட்டி, குமிழி, வளைந்த குழாய் என்று தேடவேண்டும். பம்ப் படுத்த வாக்கில் இருக்கக்கூடாது. டீசல் வெளியே போகிற முனை மேலே தூக்கி நிற்கவேண்டும், அப்போதுதான் குமிழி தங்காது.

இன்னும் ஒன்று. அந்த அளவு வண்டிக்கு 5 கிலோவாட் அதிகம், 2 போதும். பெரியதை வாங்கி ராத்திரி முழுக்கக் குறைந்த தீயில் வைத்தால் கரிதான் மிச்சம். வாங்கியாச்சு, இனி என்ன செய்ய? அணைப்பதற்கு முன்னால் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள்.

ஆரல்வாய்மொழி நர்ஸ்:

நான் வண்டி ஆள் இல்லை. மேலே எல்லாரும் கரி, புகை என்று சாதாரணமாகப் பேசுவதைப் பார்த்ததால் எழுதுகிறேன். பெட்டி வண்டிக்குள்தானே இருக்கிறது? காற்று போதாமல் எரிகிற தீயில் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாடை கிடையாது, கண் எரியாது. தலைவலி, தூக்கம், வாந்தி என்று வரும்போது குளிரும் மலைப்பாதையும் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். கைக்குழந்தையோடு ஆட்கள் படுக்கிற வண்டியில் அதைக் கண்டுபிடிக்கிற அலாரம் இருக்கிறதா, இல்லையா?

மணவை வண்டிக்காரன்:

அக்கா, இல்லை. ஆர்டர் போட்டுவிட்டேன், அது வந்து மாட்டும்வரை ஹீட்டர் உள்ள வாடகை கிடையாது. புகைக் குழாய் இணைப்பு தரைக்கு அடியில்தான் இருக்கிறது. ஆனாலும் கிளாம்ப் இரண்டையும் மாற்றி, தரைத் துவாரத்தைச் சுற்றிச் சூடு தாங்குகிற பசை அடைக்கச் சொல்லியிருக்கிறேன். குழாய் வாயையும் ஜன்னல் பக்கத்தில் இருந்து எதிர்ப்பக்கத்துக்குத் திருப்புகிறோம்.

அண்ணாச்சி, பம்ப் நூறு அடிக்கு 2 மில்லியைத் தாண்டுகிறது, அது போதும்தானே? வலை கறுத்துப்போய் விரல் பட்டதும் உதிர்ந்தது, புதிது போட்டாச்சு. 6 சதுர மில்லிமீட்டர் வயர் நாகர்கோவிலில் வாங்கி, பேட்டரியில் இருந்து தனி ஃபியூஸோடு நேராக இழுத்தோம். சார்ஜர் இல்லாமல் ஹீட்டர் பிளக்கில் இப்போது 11.8 நிற்கிறது. காலையில் போட்டதும் பற்றிக்கொண்டது, வெள்ளைப் புகை கொஞ்ச நேரம்தான்.

ஒரு சந்தேகம் பாக்கி. வாடகைக்கு எடுப்பவர்கள் கிளம்பும் அவசரத்தில் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுகிறார்கள். அதனால் கெடுமா?

குளச்சல் போட் மெக்கானிக்:

2 மில்லி போதும்.

மெயின் சுவிட்ச் விஷயத்தில், கெடும். அணைத்த பிறகும் ஃபேன் சில நிமிஷம் ஓடிச் சூட்டை வெளியே தள்ளவேண்டும். கரண்டைப் பிடுங்கினால் உள்ளே இருக்கிற சூடு பிளக்கையும் சென்சாரையும் பதம் பார்க்கும், பாதி எரிந்த டீசல் கரியாகும். போஸ்டர் ஒட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். ஹீட்டர் வயரை மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே, ஃபியூஸோடு, பேட்டரியில் இருந்து எடுங்கள். நீங்கள் நேராக இழுத்திருப்பதாகச் சொல்வதால் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கும், ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சீசன் முடிந்து வண்டி சும்மா நிற்கும்போது இரண்டு குழாய் வாயிலும் துணி அடைத்து, ஹீட்டர் சுவிட்சில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிடுங்கள், துணியோடு ஆன் செய்யாமல் இருக்க. மாசம் ஒரு தடவை துணியை எடுத்துவிட்டு இருபது நிமிஷம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். மாமனாரை மட்டும் முதலில் இறக்கிவிடுங்கள்.