பழைய சாடின் (மத்தி மீன்) டின்: எந்த வருடத்தது?

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) உடைக்கிறார்கள். தாத்தா ஆணி போட்டு வைத்திருந்த சாடின் டின் ஒன்று பரணில் கிடைத்தது. தமிழ்ப்பள்ளியில் தோட்ட வாழ்க்கைக் கண்காட்சி வைக்கிறோம், அதில் இதற்கு ஓர் ஆண்டு எழுதியாக வேண்டும்.

உயரமான உருண்டை டின். பக்கவாட்டு மூட்டு ஈயம் வைத்துப் பற்றவைத்தது. லேபிளில் சேவலின் வாலும் காலும்தான் மிச்சம். எடை அவுன்ஸில் இருக்கிறது. ஊர்ப் பெயர் இருந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. அது மட்டும் இருந்திருந்தால் மலாயாவா மலேசியாவா என்று பார்த்து 1963க்கு முன்னா பின்னா என்றாவது சொல்லியிருக்கலாம். மூடியில் ஓர் ஆங்கில எழுத்தும் நான்கு எண்களும் அழுத்தியிருக்கின்றன.

சேவல் என்றதும் சாடின் விற்கும் அயாம் பிராண்ட்தான் நினைவுக்கு வந்தது (அயாம் என்றால் மலாயில் கோழி). பிரெஞ்சுக்காரர் ஆல்ஃபிரெட் குளூவே 1892இல் சிங்கப்பூரில் தொடங்கியது. ஆனால் 1892 என்பது கம்பெனியின் வயது, டின்னின் வயது அல்ல. மெட்ரிக் முறைக்கான எடை அளவைச் சட்டம் 1972இல் வந்தது, அதனால் அவுன்ஸ் டின் அநேகமாக எழுபதுகளுக்குள் இருக்க வேண்டும். பெரியம்மாவைக் கேட்டேன், "சம்பள நாளில் வாங்குவோம், வருஷம் யாருக்குத் தெரியும்" என்கிறார். பழைய மளிகைக் கடையின் கணக்குப் புத்தகமும் இல்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்ததில் இருந்த சிவப்பும் கொஞ்சம் போய்விட்டது (செய்யாதீர்கள்).

மூடியில் இருக்கும் அந்தக் குறியீட்டை வைத்து அடைத்த ஆண்டைக் கண்டுபிடிக்கும் முறை யாருக்காவது தெரியுமா?